ரோட்டோரத்தில் அம்மா போட்ட கடை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் அனுப்பிய புண்ணியவான்கள் எங்கள் தோட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் குடை அனுப்பியிருப்பார்கள். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி எங்கள் லயத்து வீடுகளுக்கு ஏறுகிற பாதையில் ஆடுகூட நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போகும். அந்தப் பாதைக்கு ஒரு லாரி நிறையச் சைக்கிள் வந்தது. அனுப்பியவர்களின் சார்பில் யாரோ வந்து மாலை போட்டுக்கொண்டு பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள், மழை வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு மாதம் போவதற்குள் பாதிச் சைக்கிளில் ஈரத்துணி காய்ந்தது. மீதியில் போஞ்சிக் கொடி படர்ந்தது.

எனக்குக் கிடைத்த சைக்கிளில் மட்டும் அம்மாவால் துணி காயப்போட முடியவில்லை. அது வீட்டில் நின்றால்தானே? மேலே தள்ளிக்கொண்டு போய், கீழே உட்கார்ந்து வருவேன். பிரேக் கட்டை தேய்ந்து போனதும் செருப்பைத் தரையில் ஊன்றி நிறுத்தப் பழகினேன். செருப்பும் தேய்ந்தது. அம்மா அந்தச் செருப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள், பிறகு அதாலேயே முதுகில் இரண்டு வைத்தாள்.

கீழே வருவது அலுத்துப்போன ஒரு நாள், இறங்காமலே மேலே மிதித்துப் பார்த்தேன். பாதி வழியில் நெஞ்சு வெடிக்கும் என்று தோன்றியது. இறங்கலாம் என்று நினைத்தபோது, மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். ஒரு அக்கா ஊ என்று கூவினார். அப்புறம் மலை முழுக்கக் கூவியது. கங்காணி அவர்களைப் பார்த்துக் கத்தினார், அவர்கள் அவரைப் பார்த்தும் கூவினார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது இறங்கினால் மானம் போகும் என்று மிதித்தேன். இன்று யாராவது மைக்கை நீட்டி, இவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டும் ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று அழகாக ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மையில் வந்தது அந்த வெட்கத்திலிருந்துதான்.

படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். நான் ஹட்டனில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி முஸ்லிம், வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே பேசுவார். எந்தப் பெட்டி வந்தாலும் அதன் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை ஒரு வரி விடாமல் வாசிப்பார். கழித்துப் போட்ட சாமான்களை எனக்குத் தந்தார். அவற்றை வைத்துப் பழைய சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு சைக்கிளாக்கினேன். காலையில் அதில்தான் ஹட்டனுக்கு ஏறுவேன். வளைவுகளில் பஸ்ஸை முந்துவேன். கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "ஏறுங்க தங்கச்சி, டிக்கட் வேணாம்" என்பார். நான் நாக்கை நீட்டிவிட்டுப் போவேன். 

ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கெலியாவுக்குப் போய் வருவேன். கால் பழகியதும் நுவரெலியா, அதையும் தாண்டி ராகலை. திரும்பி வரும்போது லயத்து வாசலில் விசாரணை நடக்கும்.

"எங்க போன?"

"ராகலைக்கி."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. சும்மா போனேன்."

இந்த 'சும்மா'வைத்தான் யாராலும் சகித்துக்கொள்ள முடியவில்லை. காதலன் இருக்கிறான் என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அம்மாவுக்குக் கோபமே வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, அன்றைக்குக் கொடுத்த மலைக்கு ஏறி, நிறை குறையாமல் கொழுந்து பறித்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முழுப் பேராக, முழுச் சம்பளமாக விழும். குறைந்தால் அரைப் பேர்.

"மலை ஏறுறதுக்கு எனக்குப் பேரு போடுறாங்க. ஒனக்கு எவன் போடுறான்?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தானாகவே என்னைத் தேடிக்கொண்டு வந்தது. தீவைச் சுற்றி நிற்காமல் ஓட்டுகிற ஒரு போட்டியைப் பற்றி முதலாளிதான் போனில் வாசித்துச் சொன்னார். கொழும்பில் தொடங்கி மலைநாடு ஏறி, கிழக்கே இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடியும் கொழும்பு. பின்னால் கார் வராது. கூட ஆள் வராது. பசித்தால் கடையில் வாங்கித் தின்ன வேண்டும், தூக்கம் வந்தால் கண்ட இடத்தில் படுக்க வேண்டும். நேரத்துக்குள் முடித்தவர்களின் பெயரை மட்டும் போடுவார்கள். "ஒனக்குண்டே செஞ்ச மாதிரி இருக்கு மகள்" என்றார் முதலாளி.

போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு சிறிய கருவியைக் கட்டிவிடுவார்கள். நாம் எங்கே போகிறோம் என்பதை யாரும் போனில் பார்க்கலாம். படத்தில் ஒரு புள்ளி நகரும். எங்கள் லயத்துக்கு அந்தப் புள்ளி கிடைத்த நாளிலிருந்து டீவி ஓடவில்லை. போட்டி தொடங்கிய அன்றே, நான் அவிசாவளை தாண்டி ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அம்மா.

"ஏ புள்ள, புள்ளி நிக்கிது! என்னாச்சு? விழுந்துட்டியா?"

"ஒண்ணுக்கு வந்தேம்மா."

பின்னால் பலத்த சிரிப்பு கேட்டது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தாள். அதற்குப் பிறகு தோட்டம் முழுக்கத் தெரிந்தே மறைவுக்குப் போனேன்.

போட்டியின் பெரிய விதி, வெளியார் உதவி கூடாது என்பது. உறவுக்காரர், சிநேகிதர் யாரிடமும் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் பெயரை எடுத்துவிடுவார்கள். இதை வீட்டில் சொல்லித்தான் வைத்திருந்தேன். ஆனால் 'வெளியார்' என்று சொன்னது யாரோ அந்நியரை என்று லயத்தில் முடிவெடுத்திருந்தார்கள். பெற்ற தாய் எப்படி வெளியாள் ஆவாள்?

கினிகத்தேனை ஏற்றம் முடிந்து, வட்டவளை தாண்டி, எங்கள் வளைவில் திரும்பினேன். பெண்களில் அப்போது நான்தான் முதல். தூரத்திலேயே தப்பு மேளச் சத்தம் கேட்டது. திருவிழா ஏதும் இல்லையே என்று யோசித்துக்கொண்டே வந்தால், ரோட்டை அடைத்துக்கொண்டு முழு லயமும் நிற்கிறது. கழுத்தில் மாலை விழுந்தது. முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஆலாத்தித் தட்டு மூக்குக்கு நேரே சுற்றியது. அம்மா ஓடிவந்து முகத்தைத் துடைத்தாள், ரோட்டிலேயே உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் தைலம் தேய்த்தாள், என் முதுகுப் பையில் கோதுமை ரொட்டிகளைத் திணித்தாள். "வேணாம்மா, கூடாதும்மா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ரொட்டியும் உறைப்பான கட்டைச் சம்பலும் போய்விட்டன. பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரி இதையெல்லாம் உலகத்துக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

போட்டி நடத்துகிறவரிடமிருந்து போன் வந்தபோது நான் ராகலையில், பஸ் நிற்கும் இடத்தில், அந்த ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தேன். மிகவும் மரியாதையான மனிதர்.

"வீடியோ பாத்தோம். அந்தச் சிவப்புத் தண்ணி என்ன? குடிக்கிறதா?"

"இல்லைங்க, சுத்துறது."

ஆலாத்தியை மன்னித்தார்கள். மாலையையும் எலுமிச்சம்பழத்தையும்கூட. தைலத்துக்கும் ரொட்டிக்கும் மன்னிப்பு இல்லை. என் பெயரை எடுத்துவிட்டார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஊர் பார்க்கவே ஓவென்று அழுதேன். அழுது முடிந்ததும் மிச்சமிருந்த ரொட்டிகளையும் தின்றேன். இனி என்ன ஆகிவிடப்போகிறது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. அப்புறம் சண்டைக்குக் கிளம்பினாள். "பெத்தவ ஒரு ரொட்டி குடுத்தா குத்தமா? எந்த ஊருச் சட்டம் அது?" தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், சங்கத்தில் பேசி ஒரு முடிவு எடுக்கலாம் என்றார். எதை எடுத்தாலும் அவருக்குப் பேசி ஒரு முடிவு எடுக்க வேண்டும். நான் எரிச்சலில், "உன்னாலதான் எம் பேர வெட்டிட்டாங்க" என்று கத்தினேன்.

பேர் வெட்டுவது என்றால் என்ன என்று தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேர் வெட்டப்பட்டவருக்கு வேலை இல்லை, நாளைக்குக் குடியிருக்கிற காம்பிராவும் இல்லாமல் போகலாம். அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் யாருடனும் அந்தப் போட்டியைப் பற்றிப் பேசவில்லை. என் சைக்கிள் வாசலை மறைத்துக்கொண்டு நின்றால்கூடத் தொட மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். எனக்குக் கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அவள் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிற வேதனை தீரவில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் பெயர் கொடுத்தேன். இந்தத் தடவை முடித்து, என் பெயர் அந்த வரிசையில் நின்றாக வேண்டும். எனக்காக மட்டும் இல்லை. அது நிற்காவிட்டால், தன் கையாலேயே மகளின் பேரை வெட்டியவளாக அம்மா கடைசிவரை இருப்பாள். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அப்புறம் நானும் அழுவேன், வேலைக்கு நேரமாகும்.

அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். "நீ வர்ற நேரம் நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கேன். தப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் போட்டி விதிகளை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மகள், குடுத்தாத்தானே பிழை? வித்தா?"

"என்ன முதலாளி?"

"எல்லாருக்கும் தொறந்திருக்கிற கடையில வாங்கலாமுண்டு போட்டிருக்கு. உம்மா ஒரு கட போடட்டும். எல்லாருக்கும் ஒரே சாமான், ஒரே வெல."

அப்போதே போட்டி நடத்துகிறவரைப் போனில் கூப்பிட்டார். அந்த மரியாதையான மனிதர் விதியைத் தானும் ஒரு தடவை சத்தமாக வாசித்தார். பிறகு, வருகிற எல்லாருக்கும் கிடைப்பதுதான் எனக்கும் கிடைக்க வேண்டும், விலையைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும், அப்படியானால் சரி என்றார்.

எங்கள் வளைவில் தறப்பாள் கட்டி, விறகடுப்பு மூட்டி, இரண்டு பெஞ்சு போட்டார்கள். மூன்று பாஷையிலும் விலைப் பலகை. கல்லாவில் முதலாளியே வந்து உட்கார்ந்தார். அம்மாவை நம்ப முடியாதே. ஒத்திகை பார்த்தபோது, பக்கத்துக் காம்பிராக்காரி நீட்டிய காசை, "பரவால்ல வைங்க, அப்பறம் பாத்துக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தவள் அவள்.

நான் வருவதற்கு முன்னால் அங்கே நடந்ததை முதலாளி பல தடவை சொல்லியிருக்கிறார், தடவைக்குத் தடவை கொஞ்சம் கூடுதலாக. முதலில் வந்த வெள்ளைக்காரர் ஒரு தேத்தண்ணியோடு ஓடிவிடப் பார்த்தாராம். அம்மா விடவில்லை. ரொட்டி முடிய முடியத் தட்டில் அடுத்தது விழுந்தது. போதும் என்பதை அவர் எந்தப் பாஷையில் சொல்லியும் பலிக்கவில்லை. கடைசியில் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கும் இதே உபசாரம். போட்டியில் முன்னால் போன பாதிப் பேரை ரொட்டியால் மடக்கியது உலகத்தில் எங்கள் வளைவு ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு புள்ளியும் நகரவில்லையே என்று போட்டி நடத்துகிறவரே போன் போட்டு விசாரித்தாராம்.

பெண்களில் எனக்கு முன்னால் ஒரு சிங்கள அக்கா போய்க்கொண்டிருந்தார். கால் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடிதான் கடைக்கு வந்தார். தன்னைக் கூட்டிக்கொண்டு போக யாரையோ வரச் சொல்வதற்குப் போனைக் கையில் எடுத்துவிட்டார். முதலாளி அம்மாவின் காதுக்குள், "இவங்க நிண்டுட்டா, நம்மட புள்ளதான் முதல்" என்றாராம்.

"அதுக்கு? ஒரு பொம்பளப் புள்ள இப்புடிக் கெடக்குது, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்று சொல்லிவிட்டு அம்மா தைலத்தை எடுத்தாள். முதலாளி பதறிப்போய், சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்து, பலகையின் அடியில் 'கால் பிடித்து விடப்படும்' என்று எழுதி விலையும் போட்டார்.

மழையில் நனைந்து, சேறு பூசி, நான் வந்து சேர்ந்தபோது கண்ட காட்சி இதுதான். அந்த அக்கா பெஞ்சில் நீட்டிப் படுத்திருக்கிறார். அவர் கால்கள் என் அம்மாவின் மடியில். அம்மா ஆடுதசையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே, இடையில் ஒரு துண்டு ரொட்டியை அவருக்கு ஊட்டிவிட்டு, "துவே, தவ எக்கக் கன்ன" என்கிறாள். மகளே, இன்னும் ஒன்று சாப்பிடு என்று சிங்களத்தில். என் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது.

என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. என்ன வேணுங்க?"

பெற்ற மகளைப் பார்த்து! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தேத்தண்ணி. ரொட்டி" என்றேன். கோப்பையைக் கைபடாமல் பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். ரொட்டித் தட்டும் அப்படியே வந்தது. மற்றவர்களுக்குத் தட்டு நிறைந்துகொண்டே இருக்கிறது. எனக்குப் பலகையில் போட்ட கணக்குக்கு மேல் ஒரு சிட்டிகை சம்பல்கூட விழவில்லை. காசை நானே கல்லாவில் வைத்தேன். முதலாளி எண்ணி மிச்சம் தந்தார்.

பிறகுதான் பலகையின் அடிவரியைப் பார்த்தேன். என் முழங்கால் அப்போது என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. அந்தக் காசையும் வைத்துவிட்டுக் காலை நீட்டினேன்.

"எனக்கும் ஒண்ணு."

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஒங்களுக்கு இல்லங்க."

"பலகையில இருக்குல்ல? எல்லாருக்கும்னுதான் இருக்கு."

"புள்ள சொல்றது சரி" என்றார் முதலாளி. "விதிப்படி குத்தமில்ல. நான் பொறுப்பு."

"நீங்க சும்மா இருங்க மொதலாளி. போன வருசமும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் நின்னு பாத்தாங்க." ஒரு அடி பின்னால் போனாள். "நான் தொட மாட்டேன். எந்தப் புள்ள வந்தாலும் தொடுவேன், இவங்களத் தொட மாட்டேன்."

அந்தக் கைகளை நான் பார்க்கக் கூடாது என்று இன்னும் பின்னால் மறைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் அவளுக்கு உயிரே போயிருக்கும். அவளுடைய பயம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சைக்கிளை எடுத்தேன். "போயிட்டு வர்றேங்க" என்று கடைக்காரிக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஹட்டன் வரைக்கும் திட்டிக்கொண்டே ஏறினேன், யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த அக்கா நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தேய்த்துவிடப்பட்டு, தலவாக்கலைக்கு முன்பே என்னைப் பிடித்து, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கொழும்பிலும் எனக்கு முன்னால் அவர்தான் வந்தார். "முதல் பரிசு இந்தப் புள்ளட உம்மாட ரொட்டிக்கித்தான்" என்று முதலாளி இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார். நான் நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பு, முழங்காலைக் கெஞ்சிக் கெஞ்சி வந்து சேர்ந்தேன். சேர்ந்ததும் நடைபாதையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பேரு போட்டுட்டாங்களா?" என்றாள்.

"போட்டுட்டாங்கம்மா."

"ஒங் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டாவதா இருக்கு."

"நாளைக்கி வந்து வெட்ட மாட்டாங்களே?"

"மாட்டாங்கம்மா. இனி யாராலயும் வெட்ட முடியாது."

போனை வைத்துவிட்டாள். ஒரு சபாஷ்கூட இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு நாள் முழுக்கக் கொழும்பில் தூங்கி எழுந்து, சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தேன். றொசல்லவில் இறங்கியபோது அம்மா நின்றாள். மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருக்கிறாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் தைலப் போத்தல். என்னை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, தான் தரையில் உட்கார்ந்து, என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரயிலிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "விடும்மா. வலியெல்லாம் போயிருச்சு" என்றேன்.

"ஒனக்குப் போயிருச்சு. எனக்குப் போகல. கால நீட்டு."

மற்றக் காலையும் நீட்டினேன்.